ஆக்சிஜன் வால்வைத் திறந்த பிறகு

புகைவாயுவில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை மைக்ரோவேவ் பிளாஸ்மாவால், அதாவது மின்னூட்டம் பெற்று ஒளிரும் வாயுச் சுடரால், உடைப்பது. என் முனைவர் பட்ட வேலை இந்த ஒரு வரிதான். கருவியும் பெரிய மாயமில்லை. சமையலறை அடுப்பில் இருக்கும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் மேக்னட்ரான் (மைக்ரோவேவை உண்டாக்குவது), அதிலிருந்து நீளும் செவ்வக வேவ்கைடு (அலையைக் கடத்தும் உலோகக் குழல்), அதைக் குறுக்கே துளைத்துச் செல்லும் குவார்ட்ஸ் குழாய்.

பற்றவைப்பதற்குள் முதல் மாதம் போய்விட்டது. வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரஜன் தானாகப் பற்றாது. ஆர்கானை ஓடவிட்டு, டெஸ்லா சுருளால் ஒரு பொறி கொடுத்து, பிறகு சொட்டுச் சொட்டாக நைட்ரஜனைக் கலக்க வேண்டும். வாயுக் கலவை மாறும்போதெல்லாம் மைக்ரோவேவ் திறன் சுடருக்குள் போகாமல் எதிரொளித்துத் திரும்பி வரும். வீணைக்குப் பிருடை திருகுவது போல வேவ்கைடில் இருக்கும் மூன்று ஸ்டப்களையும் (உள்ளே நீளும் திருகுத் தண்டுகள்) திருகித் திருகி அதைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சுடர் அணைந்துவிடும்.

நைட்ரஜனில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) நைட்ரிக் ஆக்சைடு கலந்து ஓட்டினேன். வெளியே வந்தது 10 பிபிஎம்கூட இல்லை. பிளாஸ்மாவில் பிறக்கும் நைட்ரஜன் அணு நைட்ரிக் ஆக்சைடைப் பார்த்த மாத்திரத்தில் மோதி, நைட்ரஜன் மூலக்கூறாகிவிடும். ஆக்சிஜன் அணு தனியே நிற்கும். அன்று எல்லோருக்கும் என் செலவில் டீ.

மறுநாள், உண்மையான புகைபோல இருக்கட்டுமே என்று 5 சதவீதம் ஆக்சிஜன் சேர்த்தேன். அளவு குறையவில்லை, ஏறியது. வாயுவை அளக்கும் அனலைசரின் எல்லையையே தாண்டிவிட்டது. கருவிதான் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். காலிப்ரேஷன், கசிவுச் சோதனை, குழாய் மாற்றம் என்று இரண்டு வாரம் வீண்.

கருவி சொன்னது உண்மை. சூடு குறைவாக இருந்தால் நைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறைச் சீண்டாது. ஆனால் என் சுடரின் நடுவே சில ஆயிரம் டிகிரி. அங்கே அது ஆக்சிஜனையும் பிடித்து நைட்ரிக் ஆக்சைடு ஆக்கும். அதுவும் எண்ணிக்கையில் நைட்ரிக் ஆக்சைடைவிட ஆக்சிஜன் 100 மடங்கு! உதிரி ஆக்சிஜன் அணுவோ நைட்ரஜன் மூலக்கூறை உடைத்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது, கூடவே அடுத்த நைட்ரஜன் அணுவையும் விடுவிக்கிறது. ஸெல்டோவிச் வினைத்தொடர் என்று பாடத்தில் படித்ததுதான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு அடியும் காத்திருந்தது. குளிர்ந்த வாயுவைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வைத்தால், நிறமற்றது மெல்ல மெல்லப் பழுப்பானது. நைட்ரஜன் டை ஆக்சைடு. அனலைசரை நைட்ரிக் ஆக்சைடு நிலையில் மட்டும் வைத்துப் படித்தால் இது கணக்கிலேயே வராது. இங்கே உருவாகக்கூடிய இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடை அந்தக் கருவி எந்த நிலையிலும் பார்க்காது. அதற்கு அகச்சிவப்பு நிறமாலைதான். இவை மூன்றையும் அளக்காமல் ‘நீக்கினேன்’ என்று யாராவது எழுதினால் இப்போது நான் நம்புவதில்லை.

அப்புறம் ஆய்வுத் தலைப்பையே திருப்பிப் போட்டோம்: நைட்ரிக் ஆக்சைடை உடைப்பதற்குப் பதில் உருவாக்குவது. 1905இல் நார்வேயின் நோடோடனில் காற்றை மின்வில்லில் சுட்டு உரம் செய்தார்களே, பிர்க்லாந்து–ஐடு முறை, அதே வேதியியல்தான் இது. நைட்ரிக் ஆக்சைடு உருவாகட்டும், ஆனால் மெதுவாகக் குளிர்ந்தால் பழையபடி நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். அதனால் சுடருக்கு அடுத்து நீர் குளிர்விக்கும் குழாயைப் பொருத்தி, சட்டென்று குளிரவைக்கிறேன்.

புதுத் திட்டத்தை வழிகாட்டியிடம் காட்டியபோது அவர் பார்வை வெளியேற்றுக் குழாயில் இந்த வாயு அரித்துப் பச்சை பூத்துக் கிடந்த இணைப்புகள் மேல் போனது. “சரி, முதல்ல இந்தப் பித்தளையை எல்லாம் மாத்துங்க” என்றார்.