மூணாவது வாரமா, டீச்சர்?

சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்பது இரண்டில் ஒன்றுதான். "டயாலிசிஸ் போறீங்களா?" அது இல்லாவிட்டால் "கீமோ எத்தனை ஆச்சு?" இரண்டும் இல்லை என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், இவ்வளவு பெரிய வியாதி என்கிறாள், தலைமுடி அப்படியே இருக்கிறதே என்று. சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன், அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஒரு கிட்னியை எடுத்தாச்சு, இன்னொன்று ஒழுங்காக வேலை செய்கிறது, அதனால் டயாலிசிஸ் இல்லை. எனக்கு வந்திருப்பது கிளியர் செல் வகை, சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பாலானவர்களுக்கு வருவது இதுதான், கீமோவுக்கு இது மசியாது. அதனால் தினமும் வீட்டிலேயே விழுங்குகிற மாத்திரை.

"அட, மாத்திரைதானா" என்று ஆறுதல் அடைகிறவர்கள் தயவுசெய்து மேலே படிக்கவும்.

கண்டுபிடித்த கதை சின்னதுதான். சாப்பிட்டால் மேல்வயிறு வலிக்கிறது, பித்தப்பையில் கல்லாக இருக்கும் என்று எங்கள் ஊரிலேயே, பாளையங்கோட்டையில், ஸ்கேன் எடுக்கப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கம் வந்தார், வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பிப் படுங்கம்மா, மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா, இன்னொரு தடவை. எனக்குச் சிறுநீரில் ரத்தமும் போகவில்லை, முதுகுவலியும் இல்லை. இந்த நோய் இப்போதெல்லாம் பாதிப் பேருக்கு இப்படி வேறு எதையோ தேடப் போன இடத்தில்தான் அகப்படுகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இடது கிட்னியை எடுத்தார்கள். முழுசாக எடுத்தாச்சு, ஸ்கேன் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டிருங்கள் என்றார்கள். சில வருடம் நிம்மதி. அப்புறம் ஒரு சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் சின்னச் சின்னப் பொட்டுகள். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போவது நுரையீரலுக்குத்தானாம்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மாத்திரை ஆரம்பித்தார்கள், சுனிடினிப். நாளுக்கு 50 மில்லிகிராம், 4 வாரம் சாப்பிட வேண்டும், 2 வாரம் நிறுத்த வேண்டும், மறுபடி முதலிலிருந்து. இங்கேதான் எனக்கு யாருமே இல்லாத மாதிரி ஆனது. புற்றுநோய்ப் பிரிவில் காத்திருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு மார்பகம், மற்றவர்களுக்குக் கர்ப்பப்பை வாய், வாய், வயிறு. அவர்களுக்குள் கேட்கவும் சொல்லவும் ஏகப்பட்டது இருக்கும், எத்தனையாவது சைக்கிள், ஊசி போட்ட மறுநாள் என்ன சாப்பிட முடிந்தது என்று. என்னையும் பிரியமாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அவர்கள் பேச்சில் எனக்குப் பொருந்துவது எதுவும் இல்லை. கிட்னி டாக்டரைப் பார்க்கும் பக்கம் போனால் அங்கே வேறு உலகம். நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று அவர்கள் டம்ளரை அளந்து குடிக்கிறார்கள், என்னை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் பாட்டிலோடு அங்கே உட்காரவே சங்கடமாக இருக்கும்.

ஒரு நாள் ரத்தம் கொடுத்துவிட்டுக் காரிடாரில் நடந்து வருகிறேன், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், வெள்ளை வேட்டி, நாகர்கோவில்காரர், என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபைலைத் திறந்து டோக்கனைத் தேடும்போது கேட்டார், "மூணாவது வாரமா, டீச்சர்?" டீச்சர் என்பதைப் பக்கத்தில் யாரோ என்னைக் கூப்பிட்டதிலிருந்து பிடித்திருக்கிறார். மூன்றாவது வாரம் என்பது எப்படித் தெரிந்தது? "நடையிலயே தெரியுதே. குதிகாலைத் தரையில வைக்க மாட்டேங்கீங்க. நானும் அதே மாத்திரைதான்."

உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டும் சிவந்து, தோல் தடித்து, அழுத்தம் படுகிற இடத்தில் கொப்புளம் கட்டும், இந்த மாத்திரையின் வேலை அது. டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் அவர் சொன்னது "கை கால்ல கொஞ்சம் எரிச்சல் இருக்கும்." மூன்றாவது வாரத்தில் சப்பாத்திக் கட்டையைப் பிடிக்க முடியாது, பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும் என்பதை அந்த மாத்திரையைத் தின்றவர்தானே சொல்ல முடியும்? அண்ணாச்சி தன் செருப்பைக் கழற்றிக் காட்டினார். எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரை நோயாளிகள் போடுவார்களே, அது. வீட்டுக்குள்ளேயும் அதுதான். ராத்திரி யூரியா கிரீமைத் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வெந்நீரில் கால் வைக்காதீர்கள், பாத்திரம் தேய்க்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள், மதிய வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றுவது கூடவே கூடாது. வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் ஆப்ப சோடாவும் போட்டுக் கொப்பளியுங்கள். கடைசியாக ஒன்று கேட்டார், "தைராய்டு பாத்தாங்களா?"

பார்த்திருக்கவில்லை. அந்த மாத்திரை தைராய்டைக் குறைக்கும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம்தான். மத்தியானம் ஆனால் விழுந்து கிடப்பேன், அதை வியாதியின் அசதி என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். டாக்டரிடம் கேட்டேன், டெஸ்ட் எழுதினார், டி.எஸ்.எச். எகிறிக் கிடந்தது, தைராய்டு குறைந்தால் அது ஏறும். காலையில் வெறும் வயிற்றில் இன்னொரு சின்ன மாத்திரை சேர்ந்தது, ஒரு மாதத்துக்குள் மாலை நேரங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. 4 வாரம் சாப்பிட்டு 2 வாரம் நிறுத்துவதற்குப் பதிலாக 2 வாரம் சாப்பிட்டு 1 வாரம் நிறுத்துகிற முறையும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 6 வாரத்தில் உள்ளே போகிற மருந்து இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் அந்த மூன்றாவது, நான்காவது வாரத்துக் கொடுமை வருவதற்குள் ஓய்வு வந்துவிடும். "நீங்களா மாத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். கேட்டேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, மாற்றி எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, வெளியே நூறு பேரை வைத்துக்கொண்டு அவரால் எவ்வளவு பேச முடியும். என்ன கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

அண்ணாச்சி மூலமாக ஈரோட்டு அக்கா, அக்கா மூலமாகத் திருச்சியில் ஒரு தம்பி. கூடிப்போனால் பத்துப் பேர் இருப்போம், எல்லோருக்கும் கிட்னியில் ஆரம்பித்த கதை. தம்பிக்கு இது பரம்பரையாக வந்தது, வி.எச்.எல். என்கிற மரபணுக் கோளாறு, அவன் அம்மாவுக்கும் இருந்தது. நான் உயிரியல் பாடம் எடுத்தவள், அதனால் இது எனக்கு அல்வா மாதிரி. எங்களைப் போல் பரம்பரையாக இல்லாமல் வந்த கிளியர் செல்காரர்களுக்கும் பெரும்பாலும் கட்டிக்குள்ளே கெட்டுப்போவது அதே மரபணுதான். அது கெட்டால் செல்லுக்கு ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் பற்றாக்குறை என்று நினைத்துக்கொள்கிறது, உடனே ரத்தக்குழாய்களை வரச்சொல்லி ஆள் விடுகிறது, கட்டி அதில் கொழுக்கிறது. மாத்திரை அந்த அழைப்பைத் தடுக்கிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக 2019-ல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள், அதில் கேலின் இந்த வி.எச்.எல். வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். தம்பியிடம் போனில் இதைச் சொன்னபோது, "டீச்சர், எங்க குடும்ப ஜீனுக்கு நோபல்னு சொல்லுங்க" என்று சிரித்தான்.

வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்கள், பரிதாபப்படுவார்கள். எங்களுக்குள் இப்படித்தான். இந்த மாத்திரை முடியின் நிறத்தை எடுத்துவிடும், நிறுத்துகிற வாரங்களில் திரும்பக் கறுப்பாக முளைக்கும், அதனால் 4 வாரக் கணக்கில் சாப்பிட்டு வந்த அண்ணாச்சியின் மீசையை உற்றுப் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை தெரியும். எத்தனை ரவுண்டு ஆச்சு என்று அதை எண்ணிச் சொல்லலாம் என்பார் அக்கா.

தோலும் மஞ்சளாகும். மருந்தின் நிறமே மஞ்சள், அது தோலில் ஏறுகிறது, அவ்வளவுதான். என் சின்ன மாமியார் என்னைப் பார்த்ததும் மஞ்சள் காமாலை என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்துவிட்டார். அவர் மனசு நோகாமல் அதை எப்படித் தவிர்ப்பது? அக்காவிடம் கேட்டேன். "டாக்டர் சொன்னாருன்னு சொல்லாத, கேக்க மாட்டாங்க. ஒத்தைக் கிட்னிக்கு ஆகாதுன்னு சொல்லு, பயந்துருவாங்க" என்றார். பலித்தது. முள்சீத்தாப் பழம், கோதுமைப்புல் சாறு என்று வாட்ஸப்பில் வருகிற அத்தனையையும் நாங்கள் இப்படித்தான் வடிகட்டுகிறோம். ஒற்றைக் கிட்னிக்கு நிஜமாகவே ஆகாதது மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் நாமாகக் கடையில் வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா. பம்ப்ளிமாஸ் பழமும் வேண்டாம், மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிப்போகும். இவை எங்கள் குழுவில் புதிதாக வருபவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்.

அக்கா போன வருடம் இறந்துபோனார். அவருக்கு மாத்திரை கேட்கவில்லை, அடுத்ததாகச் சொன்ன இம்யூனோதெரபிக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயோடு சண்டை போட வைக்கிற மருந்து அது, ஒரு டோஸுக்கே லட்சக்கணக்கில் ஆகும் என்றார்கள், மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கும்போதே எலும்புக்கு வந்துவிட்டது. அன்று குழுவில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அண்ணாச்சி மட்டும் ஈரோட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். சில நாள் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். பிரிக்காத பாட்டில் ஒன்று இருக்கிறது, யாருக்காவது பயன்படுமா, அவள் கேட்டுக் கொடுக்கச் சொன்னாள் என்றார். டாக்டரிடம் காட்டி, காலாவதித் தேதி பார்த்து, அது ஒருவருக்குப் போனது. யாருக்கு என்று எழுதப் போவதில்லை.

இதனால்தான் குழு வேண்டாம், தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று என் மகன் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவருடைய ஸ்கேன் கெட்டுப்போனால் மற்ற எல்லோருக்கும் அந்த வாரம் இருமல் வருகிறது, எனக்கும்தான். ஒருவருக்கு ஐந்து வருடம் கேட்ட மாத்திரை இன்னொருவருக்கு ஐந்து மாதம்கூடக் கேட்பதில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது லேசில்லை. இருந்தாலும் நான் விலகவில்லை. ஸ்கேன் ரிசல்ட் வருவதற்கு முந்தின ராத்திரி தூக்கம் வராதபோது வீட்டில் யாரை எழுப்புவது? தம்பி விழித்திருப்பான், கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவான், ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

சரி, தெற்கிலிருந்து சென்னைக்கு சிகிச்சைக்குப் போகிறவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று. புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகிற பயணமாக இருக்க வேண்டும். படிவத்தில் ஆஸ்பத்திரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், ஆன்லைனில் கிடைக்காது, கவுண்டருக்குத்தான் போக வேண்டும். முத்திரை சரியாக விழாவிட்டால் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.