அடுத்த வீட்டு டோக்கெலாவ்

அக்டோபர் 19

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இன்று நன்றாக அசடு வழிந்தேன். நியூசிலாந்தின் பொரிருவாவுக்குக் குடிவந்து ஏழு மாதமாகிறது. இத்தனை நாளும் அவரைச் சமோவாக்காரர் என்றே நினைத்திருந்தேன். "இல்லை, நான் டோக்கெலாவ்" என்றார். சமாளிக்கிற வேகத்தில் "அதற்குத் தலைநகரம் எது?" என்று கேட்டுவிட்டேன். "இந்த வருடமா, அடுத்த வருடமா?" என்றார்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தானாம். டோக்கெலாவ் என்பது பசிபிக் கடலில் அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காஓஃபோ என்று மூன்று பவளத்தீவுகள். ஒவ்வொன்றுக்கும் ஃபைபுலே என்று ஒரு தலைவர். அந்த மூவரும் முறைவைத்து, வருடத்துக்கு ஒருவராக 'உலு' ஆகிறார்கள். மொத்த டோக்கெலாவுக்கும் தலைவர் அவர்தான். உலு எந்தத் தீவோ, அரசாங்கமும் அந்த வருடம் அந்தத் தீவில். ஆனாலும் ஊர்க்காரியத்தில் கடைசி வார்த்தை தௌபுலெகாவுடையது, அதாவது பெரியவர்கள் கூடும் ஊர்ச்சபை.

கிளம்பும்போது "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்றார். நான், மனைவி, எட்டு மாதக் குழந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். சொன்னேன். எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 20

இரவு குழந்தை தூங்கியபின் மேப்பைத் திறந்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் நீலம்தான். மூன்று தீவுகளையும் சேர்த்தால் நிலம் சுமார் 12 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 1,500 பேர். நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி. ஆனால் விமான நிலையம் கிடையாது, துறைமுகமும் கிடையாது. சமோவாவின் அப்பியாவிலிருந்து கப்பலில் 500 கிலோமீட்டர் போக வேண்டும், ஒரு நாளுக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் கப்பல் கரைக்கு வராது, பவளத்திட்டுக்கு வெளியிலேயே நிற்கும். ஆளும் அரிசி மூட்டையும் சின்னப் படகுக்கு மாறித்தான் கரையேற முடியும். முன்பு மின்சாரத்துக்கான டீசல் பீப்பாய்களையும் இப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள். 2012இல் மூன்று தீவுகளிலும் சூரிய மின்நிலையம் வைத்தபின் அந்தப் பாடு பெரிதும் குறைந்துவிட்டது.

அக்டோபர் 22

இன்று ஒன்று உறைத்தது. கல்லூரி நாட்களில் கவிதை கிறுக்க நான் வைத்திருந்த தளத்தின் முகவரி 'டாட் டிகே' என்று முடியும். இலவசம் என்பதால் வாங்கியது. அந்த டிகே டோக்கெலாவின் இணையக் குறியீடு! இலவசமாகக் கொடுத்தே உலகின் மிகப் பெரிய நாட்டுக் குறியீடுகளில் ஒன்றாக வளர்ந்ததாம். என் தளம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. கவிதைகளுக்காக வருத்தமில்லை, இருபது வயதுக் கவிதைகள்தானே.

அக்டோபர் 24

பெரியவர் வீட்டில் தேநீர். அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. கைக்கு அடக்கமாக, உருண்டு திரண்டு, கருத்து மினுமினுக்கிறது. பெயர் துலுமா. கனவா மரத்தில் குடைந்து செய்தது. மூடியைத் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. அவர் லேசாகத் திருகி எடுத்தார். உள்ளே இரண்டு தூண்டில் முள், ஒரு சுருள் நரம்பு. படகு கவிழ்ந்தாலும் இது மூழ்காது, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. டோக்கெலாவின் அரசு முத்திரையில் இருப்பதும் இந்தத் துலுமாதான்.

1966இல் புயல் அடித்தபின் நியூசிலாந்து அரசு ஒரு குடியேற்றத் திட்டம் வைத்தது. அதில் 9 வயதில் இவர் வந்தபோது அப்பா கையில் கொடுத்தது இந்தப் பெட்டி. இன்று தீவுகளில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு பேர், 8,000க்கு மேல், இங்கே நியூசிலாந்தில்.

பேச்சு வாக்கெடுப்புக்குத் திரும்பியது. சுயாட்சி வேண்டுமா என்று 2006இல் ஒருமுறை கேட்டார்கள். அப்புறம் 2007 அக்டோபரில், இதே வாரம், மறுபடி. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி. இரண்டாவது தடவை 446 பேர் 'வேண்டும்' என்றார்கள். 16 ஓட்டுக் குறைந்து போயிற்று. தலைநகருக்குப் போய்க் கொடி ஏற்றுவதைத்தான் விடுதலை என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, வேண்டாம் என்றவர்களைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

"என் தம்பி வேண்டும் என்று போட்டான், அக்கா வேண்டாம் என்று போட்டாள். அவள் பிள்ளைகள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். நியூசிலாந்தோடு இருக்கும் இந்த உறவு அறுந்துவிடுமோ என்று பயம்" என்றார்.

"நீங்கள்?"

"அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் ஓட்டு."

மூடியைத் திருகி மூடினார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அக்டோபர் 26

டோக்கெலாவ் மொழி வாரத்தை ஒட்டி அரங்கில் ஃபாத்தேலே, அவர்களுடைய பாட்டும் ஆட்டமும். நாலைந்து ஆண்கள் ஒரு மரப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கையால் தட்டுகிறார்கள், ஒருவர் தகரத்தில் குச்சியால் அடிக்கிறார். வரிசையாக நின்று ஆட்டம். ஒரே பாட்டுத்தான், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறுகிறது. நான்காம் சுற்றில் தரை அதிர்ந்தது. என்னையும் இழுத்துவிட்டார்கள். கையும் காலும் தனித்தனியாகப் போயின. மாமியார் அதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 27

காலையில் பெரியவர் கதவைத் தட்டி ஒரு பொட்டலம் கொடுத்தார். மகனோடு போய்ப் பிடித்த கஹவாய் மீன், நாலு துண்டு. இனாத்தியாம். அவர்கள் ஊரில் பிடிபட்ட மீனைக் கரையில் கொட்டி எல்லா வீட்டுக்கும் பங்கு போடுவார்கள். கடலுக்குப் போனவனா, போகாதவனா என்று பார்ப்பதில்லை. வீட்டில் எத்தனை தலை, அவ்வளவுதான் கணக்கு.

மாமியார் சுத்த சைவம் என்று சொல்லப் பார்த்தேன். "அவருக்கும் பங்கு உண்டு. என்ன செய்வது என்பது அவர் பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "ஃபக்காஃபெதாய்" என்று நன்றி சொன்னேன், உச்சரிப்பைத் திருத்திவிட்டே படியிறங்கினார்.

புளி கரைத்துக் குழம்பு வைத்தோம். மாமியாரின் துண்டு மனைவிக்கு. குழந்தைக்கு இரண்டு பல்தான் முளைத்திருக்கிறது, அதனால் அந்தப் பங்கு எனக்கு.