கண்ணாடி முகப்பைக் கழற்றிய பிறகு வாங்கிய கேபினட்

மதுரையில் எங்கள் வீட்டில் நான் கணினி வைத்திருக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ளது. மேற்குச் சுவர் பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும், ஏசி கிடையாது. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை மூன்று மணிக்கு மேசைமேல் இருக்கும் வெப்பமானி 36 டிகிரி காட்டும். வீட்டில் எல்லோரும் ‘சிபியு’ என்றும், கடைக்காரர்கள் ‘கேபினட்’ என்றும் சொல்லும் அந்தப் பெட்டியை மாற்ற வேண்டும் என்று போன கோடையில் முடிவு செய்தேன். மகளுக்கும் அதே மேசையில் பாதி இடம் தர வேண்டியிருந்ததால், புதியது சிறியதாகவும் இருக்க வேண்டும், அந்த 36 டிகிரியிலும் மூச்சு விட வேண்டும் என்பது என் தேவை. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

பழைய கேபினட் ஏறத்தாழ 45 லிட்டர் கொள்ளளவு கொண்ட மிட் டவர், அதாவது நிமிர்ந்து நிற்கும் நடுத்தரப் பெட்டி. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அதன் பின்னால் நிறம் மாறி மாறி ஒளிரும் மூன்று 120 மி.மீ. ஃபேன்கள். கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கண்ணாடி வழியே காற்று போகாது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் ஃபேன்கள் சுழல்வது கண்ணுக்குத் தெரியும்போது, காற்றும் வருகிறது என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. மாற்றுவதற்கு முன் ஒருநாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், நாற்பது சென்டிமீட்டர் நீளத்தில் இடுக்கு இருந்தது. அதாவது காற்று உள்ளே வர மொத்தம் 80 சதுர சென்டிமீட்டர் வழி. நடுக் குமிழைக் கழித்தால்கூட ஒரு 120 மி.மீ. ஃபேனின் சுழலும் பரப்பு ஏறக்குறைய 100 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு ஃபேனுக்கே போதாத வாசலில் மூன்று ஃபேன்கள் முட்டிக்கொண்டிருந்தன.

அன்றே முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அரைமணி நேரம் வீடியோ ரெண்டரிங்கை (தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக்கும் கனமான வேலையை) ஓடவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு 81 டிகிரியிலிருந்து 72-க்கு இறங்கியது. பிராசசர் 88-லிருந்து 80-க்கு வந்தது. எந்தப் பொருளையும் வாங்காமல், ஒரு பொருளை எடுத்து வைத்ததால் மட்டும் கிடைத்த குளிர்ச்சி இது. கேபினட் மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். முகப்பைக் கழற்றியும் வெப்பநிலை இறங்கவில்லை என்றால் குற்றம் கேபினட்டின் மேல் இல்லை. பிராசசரின் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்கில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது பெட்டியே மேசையின் முதுகு மூடிய அறைக்குள் உட்கார்ந்திருக்கலாம். நம் ஊர் கம்ப்யூட்டர் மேசைகளில் சிபியு வைப்பதற்கென்றே செய்யப்படும் அந்த அறையைப் போன்ற அடுப்பு வேறில்லை.

எவ்வளவு காற்று தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். என்னிடம் இருப்பது ரைசன் 5 7600 பிராசசர். அதன் மின் உச்சவரம்பு 88 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். மதர்போர்டு, எஸ்எஸ்டி, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த இழப்பு எல்லாம் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சுமார் 240 வாட் வெப்பம் பெட்டிக்குள் பிறக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,150 ஜூல் வேண்டும். உள்ளே போகும் காற்று பத்து டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டும் என்று நாம் விரும்பினால், மணிக்கு 75 கன மீட்டர் காற்று பெட்டியைக் கடந்து போக வேண்டும். ஆர்க்டிக் பி12 போன்ற ஒரு சாதாரண 120 மி.மீ. ஃபேனே முழு வேகத்தில் மணிக்கு 95 கன மீட்டர் தள்ளும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். ஒரே ஒரு ஃபேன் போதும் போலத் தோன்றுகிறதல்லவா? இந்தக் கணக்கில் கேபினட்டின் லிட்டர் எங்குமே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெட்டி பெரிதா சிறிதா என்று காற்று கேட்பதில்லை. வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறது.

வழி என்று வரும்போதுதான் அந்த 95 கரைகிறது. அது ஃபேனின் முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாதபோது அளக்கப்பட்ட எண். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்த மறுநாள் அறைக்குள் காற்று எப்படிக் குறைகிறது என்பதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துளையிட்ட தகடு, அதற்குப் பின்னால் தூசி வடிகட்டி, அதற்கும் பின்னால் கேபிள் குவியல் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பலகையில் எத்தனை துளைகள் என்பதைவிட, துளைகளுக்கு நடுவே எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடையில் நான் கையாண்ட முறை எளிமையானது: பக்கவாட்டுப் பலகையைக் கழற்றித் தரச் சொல்லி, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். ‘மெஷ்’ என்று விற்கப்பட்ட ஒரு பலகையின் பின்னால் விளக்கு மங்கலான கோடாகத்தான் தெரிந்தது. இன்னொன்றில் விளக்கின் முனையில் இருந்த எழுத்தையே படிக்க முடிந்தது. கடைப் பையன் என்னை ஒருமாதிரி பார்த்தான், பரவாயில்லை.

இணையத்தில் வரும் விமர்சனங்களைப் படிக்கும்போது ஒரு திருத்தத்தை நாமே செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலான சோதனைகள் இருபது டிகிரியைச் சற்றே தாண்டிய குளிர்ந்த அறைகளில் நடக்கின்றன. ஃபேன் வேகமும் வேலைப் பளுவும் மாறாமல் இருந்தால், அறை ஒரு டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகும். 22 டிகிரி அறையில் 68 காட்டிய கார்டு என் அறையில் 82 காட்டும். அங்கே இரண்டு கேபினட்டுகளுக்கு இடையே நான்கு டிகிரி வித்தியாசம் என்றால் அது ரசனைக்குரிய சங்கதி. இங்கே அந்த நான்கு டிகிரி, ஃபேன் அலறுமா முணுமுணுக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

இனி அளவைப் பற்றிச் சொல்கிறேன். சிறிய கேபினட் என்றால் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டுதான் என்று பலர் நினைக்கிறார்கள். வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த இந்த வடிவம் 170-க்கு 170 மி.மீ. சதுரம்; மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. ஐடிஎக்ஸ் போர்டு நம் கடைகளில் குறைவாகவே கிடைக்கும், விலையும் கூடுதல், ரேம் போட இரண்டே ஸ்லாட்டுகள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஏற்கெனவே வைத்திருப்பவர் அதற்காகவே போர்டை மாற்ற வேண்டாம். ஏசுஸ் ஏபி201 என்ற 33 லிட்டர் கேபினட் எல்லாப் பக்கமும் மெஷ்ஷாகவே செய்யப்பட்டது, வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸையே ஏற்கும், பிராசசரின் மேல் அமரும் 170 மி.மீ. உயரமுள்ள கூலரும் 338 மி.மீ. நீளமுள்ள கார்டும் அதில் அடங்கும். என் மேசை இன்னும் ஓர் அரை அடி அகலமாக இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

மறுமுனையில் ஃப்ராக்டல் நிறுவனத்தின் டெர்ரா இருக்கிறது. 10.4 லிட்டர்தான், முகப்பில் மரத்தாலான ஒரு பட்டை, பார்த்தால் பழைய வால்வு ரேடியோவின் பேரன் போல இருக்கும். போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவே ஒரு தடுப்பு என்ற ‘சாண்ட்விச்’ அமைப்பில், கார்டின் ஃபேன்கள் பலகைத் துளைகளை ஒட்டி உட்கார்ந்து வெளிக்காற்றை நேராகவே இழுத்துக்கொள்ளும். இதனால் இத்தனை சிறிய பெட்டியில் கார்டு அதிகம் சிரமப்படுவதில்லை. அவதிப்படுவது பிராசசர்தான்: தடுப்பை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கூலருக்குக் கிடைக்கும் உயரம் 48 முதல் 77 மி.மீ. வரைதான். 36 டிகிரி அறைக்கு அந்த உயரம் எனக்குத் துணிச்சல் தரவில்லை.

கடைசியில் வாங்கியது கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. பதினெட்டு லிட்டருக்குச் சற்று அதிகம், 155 மி.மீ. வரை கூலர் வைக்கலாம், 330 மி.மீ. வரை கார்டு போடலாம். எஸ்எஃப்எக்ஸ் வகைச் சின்ன எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்க வேண்டியிருந்தது. அது பையைக் கடித்தது. முகப்பு மூடியே இருக்கும். ஆனால் அடியில் இரண்டு 120 மி.மீ. ஃபேன்கள், கூரையில் இரண்டு. அடிப்பக்க ஃபேன்களுக்கு நேர் மேலே கிராபிக்ஸ் கார்டு. காற்று உள்ளே வந்ததும் முதலில் தொடுவது பெட்டியிலேயே அதிக வெப்பத்தை வெளியிடும் பொருளை. என் பழைய 45 லிட்டர் பெட்டியில் முன் ஃபேனுக்கும் கார்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருந்தது. அந்த வெற்றிடத்தில் சூடான காற்று சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய பெட்டியில் இடம் இருந்தும் புழுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கீழிருந்து மேலே காற்று போகும் இந்த அமைப்பை, ‘சூடான காற்று தானாகவே மேலே போகும், அதனால் நல்லது’ என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் பொருட்படுத்தத் தக்கதன்று. பத்து டிகிரி சூடான காற்று முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டிக்குள் உண்டாக்கும் மிதப்பு அழுத்தம் சுமார் 0.1 பாஸ்கல், முன்பு சொன்ன சாதாரண ஃபேன் அதிகபட்சமாக 21 பாஸ்கல் வரை தரும். ஃபேன் நினைத்தால் சூடான காற்றைத் தரையை நோக்கியும் தள்ளும். அடியிலிருந்து இழுப்பதன் நன்மை கார்டுக்குப் பக்கத்தில் வாசல் இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

அந்த வாசலுக்கும் ஒரு வாசல் வேண்டும். பெட்டியின் கால்கள் குட்டையானவை. மேசைப் பலகைக்கும் வடிகட்டிக்கும் இடையே என் சுண்டுவிரல்தான் நுழைந்தது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ் நான்கு வாங்கி, பெட்டியை இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வைத்தேன். கார்டு மூன்று டிகிரி குறைந்தது. ஃபேனின் தடிமனையும் வாங்குமுன் கவனிக்க வேண்டும்: கார்டு இரண்டு ஸ்லாட் (பெட்டியின் முதுகில் கார்டு பொருந்தும் இடுக்கு) தடிமனாக இருந்தால் அடியில் வழக்கமான 25 மி.மீ. ஃபேன் அமரும், மூன்று ஸ்லாட் கார்டு என்றால் 15 மி.மீ. மெல்லிய ஃபேன்தான். ‘மூன்று ஸ்லாட் கார்டு போடலாம்’ என்பதும் ‘அடியில் இரண்டு ஃபேன் போடலாம்’ என்பதும் விவரப் பட்டியலில் தனித்தனி வரிகளில் இருக்கும். இரண்டும் ஒருசேர நடக்குமா என்பதை இன்ச் டேப்தான் சொல்லும்.

கண்ணாடிப் பலகை, துளையிட்ட இரும்புப் பலகை என்று இரண்டையும் பெட்டியோடு தருகிறார்கள். கண்ணாடி இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் பீரோவின் மேல் கிடக்கிறது.

எல்லாம் மாட்டி முடித்த மறுநாள் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தேன். பூஜை அறைக்கு வழி தெரியவில்லையா என்று மனைவி கேட்டார். அடியில் காட்டியபோது புகை கயிறு போல நீண்டு உள்ளே போயிற்று, கூரையின் மேல் காட்டியபோது சிதறி ஓடியது, இரண்டும் எதிர்பார்த்தவைதான். பின்பக்கம், 92 மி.மீ. ஃபேனுக்கென்று காலியாக விடப்பட்ட துளைகளின் அருகே கொண்டுபோனபோதுதான் திடுக்கிட்டேன்: புகை அங்கேயும் உள்ளே போனது. கூரை ஃபேன்கள் தடையில்லாமல் வெளியே தள்ளுகின்றன. அடி ஃபேன்கள் வடிகட்டி வழியாகத் திணறி இழுக்கின்றன. அந்தப் பற்றாக்குறையைப் பெட்டி தன் முதுகிலிருந்து ஈடு செய்துகொண்டிருந்தது. கார்டு தன் ஸ்லாட் வழியே பின்னால் ஊதிய சூடும், வடிகட்டி இல்லாத அந்தப் பக்கத்துத் தூசியும் சேர்ந்தே திரும்ப உள்ளே வந்தன.

இன்னொரு ஃபேன் வாங்கலாமா என்ற சபலம் வந்தது. அதற்குப் பதிலாக மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்க் கூரை ஃபேன்களை நிமிடத்துக்கு 1,100 சுற்றிலிருந்து 700-க்கு இறக்கினேன். அடி ஃபேன்களை 1,000-இல் விட்டேன். ஃபேனின் சுழற்சி பாதியானால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபல் குறையும் என்பது பொதுவான கணக்கு; இங்கே பாதிக்கே போகவில்லை, ஆனாலும் அறையில் சீலிங் ஃபேனின் சத்தம்தான் மிஞ்சியது. மறுபடியும் ஊதுபத்தியோடு பின்னால் போனேன். இம்முறை புகை துளைகளை நெருங்கியதும் தயங்கி, என் முகத்தை நோக்கித் திரும்பியது. அதே ரெண்டரிங்கில் கார்டு 71-இல் நிற்கிறது. பிராசசர் மட்டும் கூரை ஃபேன்களை இறக்குமுன் இருந்ததைவிட ஒரு டிகிரி கூடி 79-இல் இருக்கிறது. அந்த ஒரு டிகிரியை விட்டுக்கொடுத்துவிட்டேன். மாதம் ஒருமுறை அடி வடிகட்டியை உருவிக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைக்கிறேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடுகிறது.