மூன்றாம் நாள் மண்வெட்டி

“விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு” என்று இராயபுரத்தில் எங்கள் ஆயா சொல்வதுண்டு. ஆனால், வந்த உறவினர் படியிறங்கித் தெருமுனை திரும்பிய பிறகுதான் சொல்வார். சுவாஹிலி மொழியிலும் இதற்கு ஈடான பழமொழி ஒன்று இருப்பதை முவான்சாவுக்குப் போன பிறகு அறிந்தேன்: “ம்கேனி சிக்கு ம்பிலி, சிக்கு யா தாத்து ம்பே ஜெம்பே.” விருந்தாளி இரண்டு நாளைக்குத்தான் விருந்தாளி, மூன்றாம் நாள் அவர் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது பொருள். ஆயாவின் பழமொழி விருந்தாளியை ஊருக்கு அனுப்புகிறது. இது அவரைத் தோட்டத்துக்கு அனுப்புகிறது. இந்த வேறுபாடு எனக்கு விளங்க ஐந்து ஆண்டுகள் ஆயின.

2014 முதல் 2020 வரை நானும் என் கணவரும் தான்சானியாவில், விக்டோரியா ஏரியின் தென்கரையில் உள்ள முவான்சா நகரின் புறப்பகுதியில் மிஷனெரிகளாக இருந்தோம். அவர் தொழிற்பயிற்சிக் கூடமொன்றில் இளைஞர்களுக்கு மின்பணி கற்பித்தார். எனக்கு வாய்த்தது வளாகத்தின் விருந்தினர் இல்லம்: நான்கு அறைகள், பத்துக் கட்டில்கள், ஒரு நீண்ட சாப்பாட்டு மேசை. சபையார் சுற்றி நின்று ஜெபித்துக் கண்ணீரோடு வழியனுப்பிவைத்தவள், கடைசியில் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேனே என்ற முறுமுறுப்பு முதல் ஆண்டு முழுவதும் எனக்குள் இருந்தது. இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையிலேயே உழன்று முறையிட்ட மார்த்தாளின்மேல் எனக்கு இரக்கம் பிறந்தது அந்த ஆண்டில்தான்.

அங்கே ஒரு வீட்டுக்கு வருபவர் வாசலில் நின்று “ஹோடி” என்று குரல் கொடுப்பார். உள்ளே இருப்பவர் “கரிபு” என்று சொன்ன பிறகே காலடி எடுத்து வைப்பார். கரிபு என்பதற்கு வருக என்றும் பொருள், அருகில் என்றும் பொருள். எங்கள் சமையலறையை ஆண்ட அம்மையாரை எல்லாரும் “மாமா” என்றே அழைத்தார்கள், ஏனெனில் சுவாஹிலியில் மாமா என்றால் தாய். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், கிடெங்கே துணியை இடுப்பில் சுற்றிய ஒரு பெண்மணியிடம் “மாமா, இன்னும் கொஞ்சம் சோறு” என்று கேட்க வாய் வராமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வந்தவர்களுக்கு ஏரியின் பெரிய மீனான சங்காராவை, அதாவது 1950களில் அந்த ஏரியில் கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச்சை, துண்டு துண்டாகப் பொரித்து வைப்பதே மரியாதை என்று எண்ணியிருந்தேன். காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்று இருந்ததை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கரைமணலில் காயவைத்து விற்கும் டகா என்ற பொடிமீனை எங்கள் இருவருக்கு மட்டுமென்று ஒருநாள் புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு அது அத்தனை நெருக்கமாக இருந்ததால், அறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அன்று சங்காரா பூனைக்குப் போயிற்று.

வந்த குழுக்களிலேயே பெரியது 2019 ஜூனில் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வந்த ஒன்பது பேர். தான்சானியாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு அந்த ஜூன் 1 முதல் தடை. வெளிநாட்டுப் பயணிகளுக்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு ஜனவரி 1 முதலே தடை இருந்தது என்றாலும், நம்மவர்களின் பெட்டிக்குள் அது எட்டியிருக்கவில்லை. இட்லிப் பொடியும் அப்பளமும் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைப் பைகளில் பயணம் செய்து வந்திருந்தன. பைகளை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, அப்பளக் கட்டுகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள்.

சென்னையின் ஏரிகள் வறண்டுபோயிருந்த மாதம் அது. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் புறப்பட்டவர்கள், எங்கள் குளியலறைக் குழாயைத் திறந்தவுடன் நீர் கொட்டியதைக் கண்டு மகிழ்ந்துபோனதில் வியப்பில்லை. அந்த நீர் வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் வந்து கூரைத் தொட்டியில் தேங்குவது என்பதை நான் சொல்லவில்லை. குடம் தூக்கிப் பழகிய வடசென்னைப் பெண்ணாகிய நான், விருந்தாளிகளின் மனம் கோணக்கூடாது என்று வாய்மூடி இருந்தேன். இரண்டாம் நாள் மாலையில் தொட்டி காலியாயிற்று. கூச்சத்தோடு வாளிகளை எடுத்து வைத்தபோதுதான் அந்தக் குழுவின் உண்மையான முகத்தைக் கண்டேன். பக்கத்து வளாகத்துக் கிணற்றிலிருந்து இறைப்பது யார், ஆளுக்கு எத்தனை வாளி, பாத்திரம் கழுவிய நீர் எந்தச் செடிக்கு என்பதையெல்லாம் அரைமணி நேரத்தில் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எழுந்த சிரிப்பு முதல் நாளில் எழவில்லை.

மின்சாரமும் அளந்துதான். லூக்கு என்ற முன்பண முறையில், பணம் கட்டியதும் கைப்பேசிக்கு வரும் 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்தினால்தான் யூனிட் ஏறும். வெந்நீர்க் கருவியை அணைக்க மறந்த ஒருவரால், நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தியிருக்கிறேன்.

எனக்குப் பிடிக்காதவையும் இருந்தன. ஏரி நீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும் என்று எச்சரித்த பிறகும் இறங்கிக் குளித்தவர்கள் உண்டு. பழைய துணிகளைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிவந்து, பெற்றுக்கொள்ளும் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படமெடுக்க விரும்பியவர்களும் உண்டு. மேல்நாடுகளின் பழைய உடைகள் ‘மிதும்பா’ என்ற பெயரில் அந்நாட்டுச் சந்தையெங்கும் குவிந்து கிடக்கின்றன. நம் பெட்டித் துணிக்காக அங்கே எவரும் காத்திருக்கவில்லை. படமெடுக்க வேண்டாமென்று நான் சொன்னதற்காக ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் பெரம்பூரிலிருந்து ஒரு அண்ணன் தனியாக வந்தார். இரயில் பெட்டித் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டே நாளில் சுவாஹிலி எண்களைக் கற்றுக்கொண்டு, எவர் துணையும் இல்லாமல் தார் எஸ் சலாம் பேருந்துக்குச் சீட்டும் வாங்கி வந்தார். பேருந்து “சா கூமி நா ம்பிலி”க்கு, அதாவது பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் என்றார்கள். அவரும் பதினொன்றரைக்குப் போய் நின்றார். நம் முன்னோர் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப்போல, சுவாஹிலியில் பகலின் மணிகளை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு முதல் மணி, காலை 6 மணியே பன்னிரண்டு. பேருந்து போய் ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. தார் எஸ் சலாமில் அவர் சந்திக்க வேண்டியவரும் வெளியூர் போய்விடவே, அடுத்த வாரம் வரை அண்ணன் எங்களோடு தங்க நேர்ந்தது.

திரும்பி வந்த மறுநாள் காலையில் மாமா அந்தப் பழமொழியைச் சிரித்துக்கொண்டே சொல்லி, அவர் கையில் ஜெம்பேயைக் கொடுத்துவிட்டார். வயதில் மூத்தவரிடம் இப்படியா என்று பதறி நான் அதை வாங்கப் போனேன், அவர் விடவில்லை.

“விடும்மா. மூணு நாளா உட்கார்ந்தே சாப்பிடறேன், சோறு செரிக்கல.”

வேலியோரம் களைமண்டிக் கிடந்த ம்ச்சிச்சா பாத்தியை, அது நம் முளைக்கீரை இனம்தான், இரண்டு காலைப்பொழுதுகளில் கொத்திச் சீராக்கினார். பிறகு கீல் தளர்ந்த கதவுகள், சன்னல்களின் கொசுவலை, தொட்டியில் ஒழுகிய குழாய் என்று இல்லம் முழுவதும் அவர் கை பட்டது. நான் அவருக்கென்று தனியாக எதுவும் சமைக்கவில்லை. எங்களுக்கு வைத்த குழம்பைத்தான் அவருக்கும் ஊற்றினேன். உபசரிப்பில் குறை வைக்கிறோமே என்ற எண்ணம் அந்த வாரத்தில் எனக்கு ஒருமுறையும் வரவில்லை என்பதைப் பின்னால்தான் கவனித்தேன்.

புறப்படும் நாளன்று நாலரைக்கே எல்லாரும் எழுந்துவிட்டோம். மாமா வழிக்குச் சப்பாத்தி கட்டி வைத்திருந்தார். வண்டி வாசலில் நின்றது. அண்ணனைத்தான் காணவில்லை. தேடிப்போனால், இருட்டில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அரை வாளிதான், தொட்டியின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.