மரை தேய்ந்த வைஸ்

பழைய இரும்பைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும் வியாதி எனக்கு உண்டு. போன மாதம் வேலூர் லாங் பஜாருக்குப் புளி வாங்கப் போனவன், சந்துக்குள் இருந்த ஒரு காயலான் கடையில் பட்டறை மேசையில் பொருத்தி, பொருளைத் தாடைக்குள் இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். 5 அங்குலத் தாடை, மேலே மூன்று தலைமுறைப் பெயின்ட். கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றியது, தாடை நகரவில்லை. கையால் இழுத்தேன், மேசை இழுப்பறை போல வழுக்கிக்கொண்டு வந்தது.

எனக்குள் இருக்கும் நிபுணர் விழித்துக்கொண்டார். குனிந்து பார்த்தால், திருகின் மரை ஒரு பக்கம் சுவர் போல நேராகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தது. “பாய், மரை ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. உள்ளே நட்டும் போய்விட்டது. இது உருக்கத்தான் லாயக்கு” என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். தேய்மானம் எப்படி நடக்கிறது என்று காற்றில் படம்கூட வரைந்து காட்டினேன். பாவம், கேட்டுக் கேட்டுச் சோர்ந்தவர் கிலோ 60 ரூபாயிலிருந்து 45க்கு இறங்கினார். தராசு 24 கிலோ காட்டியது.

பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் தாடை வெளியே வந்து என் முட்டியை நலம் விசாரித்துவிட்டு உள்ளே போனது. புளியின் நினைவு காட்பாடி வந்த பிறகுதான் வந்தது.

டீசல் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது புடைப்பெழுத்துகள் தலைகாட்டின. முதலில் ‘வைஸ்’. “கடைசியில் எஸ் வர வேண்டும், சி போட்டிருக்கிறார்கள். எழுத்துப் பிழை” என்றாள் மகள். இங்கிலாந்துக்காரர்கள் சி போட்டுத்தான் எழுதுவார்கள் என்றேன். ஆங்கில ஆசிரியையான என் மனைவி, “அப்படி எழுதினால் கெட்ட பழக்கம் என்றும் பொருள்” என்றாள். இன்னும் தேய்த்தேன். முன்னால் ‘பெர்ஃபெக்ட்’ என்று இருந்தது. “குறையே இல்லாத கெட்ட பழக்கம்” என்று மொழிபெயர்த்துவிட்டு என்னையும் வைஸையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி, புளி எங்கே?”

பக்கத்து வீட்டுப் பெரியவர் அரக்கோணம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரத்தில் மிச்சமிருந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்து, “பார்க்கின்சன் கம்பெனி! இங்கிலாந்தில், யார்க்‌ஷரில் ஷிப்லி என்ற ஊரில் செய்தது” என்றார். “மரைதான் தேய்ந்துவிட்டது, சார்” என்றேன். அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

“இந்த மரையே ரம்பப்பல் போல வெட்டியதுதான். இறுக்கும் விசை முழுவதையும் நேர்ப்பக்கம் தாங்கும். இதற்குத் திருகைச் சுற்றி வளைக்கும் முழு நட்டு கிடையாது, கீழிருந்து கவ்வும் அரை நட்டு. அது கீழே இறங்கினால் தாடையைக் கையாலேயே இழுக்கலாம், தள்ளலாம். ஒவ்வொரு முறையும் சுற்றிச் சுற்றித் திறக்கிற வேலை மிச்சம்.” கைப்பிடியை ஒட்டி, பெயின்டில் புதைந்து கிடந்த சின்ன நெம்புகோலைக் காட்டினார். நான் அதை யாரோ பற்றவைத்த தண்டத் துண்டு என்று நினைத்து அறுத்தெடுப்பதாக இருந்தேன்.

இரவு முழுக்க டீசலில் ஊறிய பிறகு, காலையில் மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். ‘டக்’ என்று அரை நட்டு மேலேறி மரையைக் கவ்வியது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன். தாடைக்குள் வைத்த மரக்கட்டை முனகியது. நெம்புகோலை அழுத்தினேன்; தாடை வழுக்கிக்கொண்டு வந்தது. அன்று மட்டும் ஒரு நாற்பது முறை திறந்து மூடியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்த முறை புளியை முதலில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்குப் போனேன்.

“அதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா, பாய்?”

“இருந்ததே! இதைவிடப் பெரியது. அதிலும் மரை ஒரு பக்கமாகத் தேய்ந்துதான் இருந்தது. நீங்கள் அவ்வளவு தூரம் விளக்கிச் சொன்ன பிறகு வைத்திருப்பேனா? அன்றைக்கே உடைத்து உருக்க அனுப்பிவிட்டேன்.”