சிக்ராஃபுக்குப் போகும்போது பையில் ஒரு ஷாட் இருக்கட்டும்

ஐ.டி.எம்.ஏ. என்னும் ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்குக் கிளம்பும் கோவை மில்காரர்களைப் பாருங்கள். எந்த ஃப்ரேமில் நூல் அறுகிறது, எந்த கவுண்ட்டில் எவ்வளவு கழிவு விழுகிறது என்ற கணக்கோடுதான் விமானம் ஏறுவார்கள். கொடிசியாவில் இன்டெக் என்னும் இயந்திரக் கண்காட்சி நடந்தால், பட்டறைக்காரர் கையில் ஒரு டிராயிங்கும் ஒரு ஜாபும் இருக்கும். "இதை உங்க மெஷின்ல போட்டுக் காட்டுங்க" என்பார். அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். (திரைக்காட்சி விளைவுகள்) தொழிலில் இருக்கும் நாம் மட்டும் சிக்ராஃப் என்னும் கணினி வரைகலை மாநாட்டுக்கு வெறுங்கையோடு போகிறோம். அடுத்தவர் செய்த டெமோவைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்புகிறோம். ஸ்டுடியோ லட்சக்கணக்கில் செலவு செய்து ஒருவரை அனுப்புகிறதென்றால் அது போதாது.

முதலில் எந்த மாநாடு என்பதை முடிவு செய்யுங்கள். மூல சிக்ராஃப் 1974-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் தொடங்கியது. இப்போது ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வட அமெரிக்காவில் நடக்கிறது. 2024-இல் டென்வர், 2025-இல் வான்கூவர். சிக்ராஃப் ஆசியா 2008-இல் சிங்கப்பூரில் தொடங்கியது, ஆண்டுக் கடைசியில் வரும். 2023-இல் சிட்னி, 2024-இல் டோக்கியோ, 2025-இல் ஹாங்காங். முதல்முறை போகிறவருக்கு ஆசியா மாநாடே போதும் என்பது என் கருத்து. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருப்பதால், அங்கே மாறிப் போனால் பயணம் சுருங்கும், விசா அலைச்சலும் குறையும். அமெரிக்காவுக்கு என்றால் கைரேகைக்கும் நேர்காணலுக்கும் சென்னை போக வேண்டும், தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். நிகழ்ச்சி நிரல் வரட்டும் என்று காத்திருந்தால் விசா கைக்கு வருவதற்குள் மாநாடு முடிந்துவிடும்.

பாஸ் வாங்குவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். விலை குறைந்த பாஸில் கண்காட்சி அரங்கமும் சில பொது நிகழ்ச்சிகளும்தான் கிடைக்கும். புரொடக்‌ஷன் ஆளுக்குத் தேவையான டாக்ஸ் (ஸ்டுடியோக்காரர்களின் சிற்றுரை), கோர்ஸ் (பாட வகுப்பு) போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மேல்நிலைப் பாஸ் வேண்டும். எந்த அறைக்கு எந்தப் பாஸ் என்ற அட்டவணையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முன்பதிவுச் சலுகைக்குக் கடைசி நாள் உண்டு. அன்று ராத்திரி கட்டப் போய், கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை அடைத்து வைக்கப்பட்டிருந்தால் பணம் போகாது. ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடியேதான் வரும். வங்கி ஆப்பில் முதல் நாளே திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். கல்லூரியில் படிப்பவர்கள் மாணவர் தன்னார்வலர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்தால் பாஸ் கிடைக்கும், மேடைக்குப் பின்னால் நடப்பதும் தெரியும்.

இனி ஷாட். வாடிக்கையாளரின் பிளேட்டையோ (அவர் படம்பிடித்துத் தந்த காட்சி) மாடலையோ எடுத்துப் போகவே கூடாது. ரகசிய ஒப்பந்தம் பெங்களூருக்கும் ஹாங்காங்குக்கும் ஒன்றுதான். ஸ்டுடியோவே சொந்தமாக ஒரு சோதனை ஷாட் தயார் செய்ய வேண்டும். நம்மூரிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. காற்றில் ஆடும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, அதில் செம்மண் புழுதி கிளப்பி ஓடும் ஒரு காங்கேயம் காளை, கேமரா பக்கவாட்டில் நகர 48 ஃப்ரேம். தென்னங்கீற்று மெல்லியது, ஒபாசிட்டி மேப் (எது மறைக்கும், எது ஊடுருவும் என்று சொல்லும் படம்) போட்டால் ரே (ஒளிக்கதிர்) ஒவ்வொன்றும் பல இலைகளைத் தாண்டித் திணறும். காளையின் ரோமம், புழுதியின் வால்யூம், மோஷன் பிளர் என்று ரெண்டரரை, அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் மென்பொருளை, துன்புறுத்தும் எல்லாம் ஒரே ஷாட்டில் வந்துவிடும். யு.எஸ்.டி.யாக (பல மென்பொருள்களில் திறக்கும் 3டி காட்சிக் கோப்பு) ஏற்றுமதி செய்து, டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) பாத் எல்லாவற்றையும் ரிலேட்டிவ் ஆக்குங்கள், அதாவது ஷாட்டின் ஃபோல்டரிலிருந்தே தொடங்கட்டும். டிரைவ் எழுத்தோ சர்வர் பெயரோ பாத்தில் இருந்தால் அடுத்தவர் மெஷினில் கறுப்புக் காளைதான் வரும். ஒரு எஸ்.எஸ்.டி.யில் போட்டு, ஸ்டுடியோவுக்குச் சம்பந்தமில்லாத வேறு கம்ப்யூட்டரில் ஒருக்கா திறந்து பார்த்த பிறகே பையில் வையுங்கள். கூடவே ஒரு தாள்: நம் ஃபார்மில் (ரெண்டர் செய்யும் கம்ப்யூட்டர் கூட்டத்தில்) ஃப்ரேமுக்கு எத்தனை நிமிடம், எத்தனை கோர், உச்சத்தில் எவ்வளவு ரேம், பிக்ஸலுக்கு எத்தனை சாம்பிள்.

எல்லா ஸ்டாலிலும் உங்கள் கோப்பைத் திறந்துவிட மாட்டார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பது நியாயமும்கூட. அப்போதும் அந்தத் தாள் இருந்தால் பேச்சு விற்பனைப் பிரதிநிதியைத் தாண்டி இன்ஜினீயரிடம் போகும். கண்காட்சியின் கடைசி நாள் மத்தியானம் கூட்டம் வடிந்திருக்கும், பொறுமையாகப் பேச அதுதான் நேரம்.

டீநாய்சரை, அதாவது சாம்பிள் குறைவால் படத்தில் வரும் புள்ளிகளை (நாய்ஸ்) துடைக்கும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டாலில் நாம் அதிகம் ஏமாறும் இடம் இது. நின்ற படத்தில் எல்லா டீநாய்சரும் அழகாகவே தெரியும். ஃப்ரேம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தம் செய்யும் வகை என்றால், நாய்ஸ் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதால் சுத்தம் செய்த திட்டுகளும் இடம் மாறும். ஓட்டிப் பார்த்தால் நிழல் பகுதி கொதிக்கும். அதனால் ஓடும் காட்சியைத்தான் கேட்க வேண்டும், அதுவும் இருட்டான பகுதியை நான்கு மடங்கு பெரிதாக்கி. மோஷன் வெக்டரை (பிக்ஸல் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கு) வைத்து முன்பின் ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்க்கும் வகையில் கொதிப்பு குறையும். ஆனால் மெல்லிய கீற்றின் ஓரத்திலும், கண்ணாடி, புகை போன்ற ஊடுருவும் பொருள்களிலும் வெக்டர் சரியாக இருக்காது; ஒரு பிக்ஸலில் இரண்டு பொருள் இருக்கையில் வெக்டர் எதைக் குறிக்கும்? அங்கே பேய்நிழல் வரும். அடுத்து காம்ப் (அடுக்குகளைச் சேர்த்து இறுதிப் படம் ஆக்கும் வேலை) பக்கம் உள்ளவர் கேட்க வேண்டிய கேள்வி: லைட் பாஸ்களை (ஒவ்வொரு விளக்கின் ஒளிக்கும் உள்ள தனி அடுக்கு) தனித்தனியாக டீநாய்ஸ் செய்து கூட்டினால், அது பியூட்டிக்கு (எல்லா ஒளியும் சேர்ந்த முழுப் படம்) சமமாக வருமா? வராவிட்டால் காம்பில் ஒரு லைட்டை ஏற்றி இறக்கும்போது விளிம்பில் மாறுபாடு தெரியும்.

ஜி.பி.யு. (கிராபிக்ஸ் கார்டில் ஓடும்) ரெண்டரரிடம் வேகத்தைக் கேட்காதீர்கள், காட்சியின் அளவு கிராபிக்ஸ் கார்டின் மெமரியைத் தாண்டும்போது என்ன ஆகும் என்று கேளுங்கள். 24 ஜி.பி. கார்டில் டெமோ சீன் பறக்கும். தோப்பு முழுக்க பெரிய டெக்ஸ்சர்களோடு ஏறும்போது சிலது நின்றே போகும், சிலது மெயின் மெமரிக்கு இறங்கி மாட்டுவண்டியாகும்.

அறைகளுக்குள் வருவோம். பேப்பர்கள் (ஆய்வுக் கட்டுரைகள்) நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் நாள் வாக்கில் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்னும் முன்னோட்டம் நடக்கும்; ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அதற்குக் கட்டாயம் போங்கள், வேண்டியதற்கு மட்டும் குறி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பெரும்பகுதி நேரம் டாக்ஸ் அறையில் கழியட்டும். ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் படத்தில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று அங்கேதான் சொல்வார்கள். இரண்டு பக்கச் சுருக்கம் முன்கூட்டியே கிடைக்கும், விமானத்தில் படித்துவிடலாம். போஸ்டர் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். இன்று எந்த காம்ப் ஆர்ட்டிஸ்டும் கிரிப்டோமேட் (படத்தில் ஒவ்வொரு பொருளையும் தனியே பிரித்தெடுக்கும் முறை) இல்லாமல் வேலை செய்வதில்லை. சைஆப் ஸ்டுடியோவினர் அதை 2015 சிக்ராஃபில் காட்டியது ஒரு போஸ்டராகத்தான். அன்று அதன் முன்னால் நின்று பேசியவருக்கு எத்தனை மாத அனுகூலம் என்று நினைத்துப் பாருங்கள்! கோர்ஸ் வகையில் 2012-இல் பிரெண்ட் பர்லி தந்த டிஸ்னி ஷேடிங் (மேற்பரப்பு ஒளியில் எப்படித் தெரியும் என்ற கணக்கு) குறிப்புகள் அப்படி. மெட்டாலிக், ரஃப்னஸ் என்று இன்று எல்லா ஷேடரிலும் பார்க்கும் அமைப்புக்கு அடித்தளம் அதுதான்.

ஒரு பேப்பர் பிடித்துவிட்டால் அறிமுகத்தை விட்டுவிட்டு, குறைகள் என்ற பகுதிக்கும் நேர அட்டவணைக்கும் நேரே போங்கள். எந்தக் கார்டில் எத்தனை நொடி, பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் என்பது அங்கே இருக்கும். பிறகு உரிமம். 2023-இல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் (புகைப்படங்களிலிருந்து 3டி காட்சி உருவாக்கும் முறை) பேப்பரின் மூல நிரல் ஆராய்ச்சிக்கு மட்டும்தான், வணிகத்துக்கு அனுமதியில்லை. அதை அப்படியே ஷாட்டில் பயன்படுத்திக் கொடுத்தால் நாளை வாடிக்கையாளரின் வக்கீல் கேட்பார். அதே முறையை அபாச்சி உரிமத்தில் தரும் ஜிஸ்பிளாட் போன்ற நூலகங்கள் இருக்கின்றன, அவற்றை எடுங்கள்.

டெக்னிக்கல் டைரக்டர்கள் பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர் என்னும் சிறு கூட்டங்களைத் தவறவிடக் கூடாது. ஓபன் இ.எக்ஸ்.ஆர். (படக் கோப்பு வகை) 2003-இல் ஐ.எல்.எம். ஸ்டுடியோவிலிருந்தும், ஓபன் வி.டி.பி. (புகை, புழுதி போன்ற வால்யூம்களுக்கானது) 2012-இல் டிரீம்வொர்க்ஸிலிருந்தும், யு.எஸ்.டி. 2016-இல் பிக்ஸாரிலிருந்தும் திறந்த நிரலாக வந்தவை. இவை போன்ற கருவிகளைப் பராமரிப்பவர்களை நேரில் பிடிக்க வேறு இடமில்லை. கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். "ஏனுங்க, இருபது பேர் ரோட்டோ பண்ற சின்ன ஸ்டுடியோவுக்கு இது ஒத்து வருமுங்களா?" என்பதுதான் நம் கேள்வி (ரோட்டோ என்றால் ஃப்ரேம் ஃப்ரேமாக உருவத்தை வெட்டியெடுக்கும் வேலை), அதையே ஆங்கிலத்தில் கேட்டால் போதும். வி.எஃப்.எக்ஸ். ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம் (மென்பொருள்கள் ஒத்துப்போவதற்கான பதிப்புப் பட்டியல்) அடுத்த ஆண்டுக்கு எந்தப் பதிப்புகளைச் சொல்கிறது என்றும் விசாரியுங்கள். 2020-இல் அது பைத்தான் 3-க்கு மாறியபோது, பழைய ஸ்கிரிப்டுகளை நம்பியிருந்த பைப்லைன்கள் (ஸ்டுடியோவின் வேலை ஓட்ட அமைப்புகள்) படுத்துவிட்டன.

வேலை தேடிப் போகிறவர்கள், ஸ்டுடியோவுக்கு ஆர்டர் தேடிப் போகிறவர்கள் இருவருக்கும் ஒன்று: படம் வெளியாகிவிட்டது என்பதாலேயே அந்த ஷாட்டை ரீலில் (மாதிரிப் படைப்புத் தொகுப்பில்) போட உரிமை வந்துவிடாது, எழுத்தில் அனுமதி வேண்டும். வெளிநாட்டு ஸ்டுடியோக்கள் டி.பி.என். (ஸ்டுடியோவின் உள்ளடக்கப் பாதுகாப்பு) மதிப்பீடு முடிந்ததா என்று கேட்பார்கள். பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள். படைப்புகளைத் திரையிடும் அறைகளில் போனை உயர்த்தினாலே வெளியே அனுப்பிவிடக்கூடும்.

சில்லறை விஷயங்கள். ஜப்பானில் 100 வோல்ட், தட்டையான இரண்டு பின். ஹாங்காங்கில் பெரிய மூன்று பின். லேப்டாப் அடாப்டர் எந்த வோல்ட்டேஜுக்கும் தாங்கும், நம்மூர் உருண்டைப் பின்தான் நுழையாது. ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்பில் வரும் தடித்த 16 ஆம்பியர் பிளக் சாதாரணக் கன்வெர்ட்டருக்குள்கூடப் போகாது, சிறிய பிளக் உள்ள ஒயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான். பேட்ஜை முந்தின நாள் பொழுதோடு வாங்கிவிட்டால் காலை வரிசை மிச்சம். ஏ.சி. குளிருக்கு ஸ்வெட்டரும், பழகிய ஷூவும் அவசியம்.

திரும்பி வந்த வாரத்திலேயே, ஏற்கெனவே டெலிவரி முடிந்த பழைய ஷாட் ஒன்றை எடுத்து, கற்றுவந்ததில் ஒன்றே ஒன்றை அதில் முயலுங்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தம் இடம் கொடுக்காவிட்டால் அதே காளை ஷாட் இருக்கிறது. ஃப்ரேம் நேரம், உச்ச ரேம், ஆர்ட்டிஸ்ட் மணி நேரம் மூன்றையும் பழைய தாளுக்குப் பக்கத்தில் எழுதி, லீடுகள் கூடும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள்.