பத்து மணிக்கு முன்

பெப்ரவரி 3, 2025, திங்கள்

பெரியம்மா குடும்பத்தோடு சிவனொளிபாதமலை ஏற வருகிறார். முதலில் அவர் முழங்கால். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. மஸ்கெலியாவிலிருந்து மலையடி நல்லதண்ணி வரை வாகனம் நகரவில்லையாம். விடுமுறை, வார இறுதி, போயா என்கிற பௌர்ணமி: இந்த இரவுகளில் சிவனொளிபாதமலை ஏறவே கூடாது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, படிகளிலேயே வரிசை நின்றுவிடும். ஏறும்போது வியர்த்து ஊறிய சட்டையோடு, 2,243 மீட்டர் உயரத்துக் காற்றில் அசையாமல் ஒரு மணி நேரம், சில இரவில் இரண்டு. குளிர் நடுக்கம் பிடிப்பது ஏறும்போதல்ல, அப்படி நிற்கும்போதுதான். 6.25 அளவில் சூரியன் வரும்போதும் வரிசை நகர்ந்திருக்காது. திரும்பும் வளைவில் மாட்டிக்கொண்டவருக்குச் சூரியனும் இல்லை, மேற்கே விழும் மலையின் முக்கோண நிழலும் இல்லை.

நிலவு வெளிச்சத்துக்காகவே போயாவைத் தேடி வருகிறார்கள். போயா கழிந்து நாலைந்து நாள் பொறுத்தால் போதும். தேய்பிறை நிலவு இரவு பத்து மணி போலத்தான் எழும்பும். ஏறத் தொடங்கும் 2 மணிக்கு நன்றாக மேலே நிற்கும். கூட்டமும் கலைந்திருக்கும். யாத்திரைப் பருவகாலம் என்பதால் பாதை நெடுக மின்விளக்கு எரிகிறது. நிலவு வேண்டியது படியைப் பார்க்க அல்ல, கீழே மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைப் பார்க்க.

இம்முறை நவம் போயா 12ஆம் திகதி. ஆகவே 17, திங்கள் இரவு.

பெப்ரவரி 5, புதன்

அவர்கள் வீட்டு இளையவன் நிலாவெளி, புறாத்தீவு என்று கேட்டு எழுதியிருக்கிறான். பெப்ரவரியில் வேண்டாம் என்று பதில் போட்டாயிற்று. வடகீழ்ப் பருவக்காற்று இன்னும் அடங்கவில்லை; கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கியிருக்கும். கண்ணாடி போட்டுக் குனிந்தாலும் பவளப்பாறையும் தெரியாது, கருமுனைச் சுறாக்குட்டியும் தெரியாது. அதெல்லாம் மே முதல் செப்டெம்பர் வரை. அறுகம்பே அலைச்சறுக்கலும் அதே காலம்தான். இப்போது கடல் வேண்டுமென்றால் தெற்கே மிரிஸ்ஸைக்குப் போகட்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதி, நீலத்திமிங்கிலம் பார்க்க விடியற்காலைப் படகு போகும். ஒரு கரை கொந்தளிக்கும்போது மறு கரை அடங்கிக் கிடப்பது இந்தத் தீவின் பெரிய வசதி. நாட்காட்டியைப் பார்க்காமல் விடுதிக்குக் காசு கட்டுகிறவர்களை நினைத்தால் மனது கஷ்டமாக இருக்கிறது.

பெப்ரவரி 6

மாலையில் மழை. காலை தெளிவு. இப்படியே இருக்கட்டும்.

பெப்ரவரி 7, வெள்ளி

ஹோர்ட்டன் சமவெளியை மலைக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்று கேட்கிறார்கள். முன்தான். பாதமலை இறங்கிய கால், அடுத்த நாளே ஒன்பதரைக் கிலோமீட்டர் நடக்காது.

சமவெளியில் எல்லாமே நேரம். நுவரெலியாவிலிருந்து அதிகாலை 4.45க்காவது வெளிக்கிட வேண்டும். பட்டிப்பொல வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே வாகன வரிசை நிற்கும். பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய தாளைக்கூட உரித்துவிடுவார்கள். அதனால் ரொட்டியோ பாணோ சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவர வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டிக்கொண்டு வாசலில் தடுமாறும் குடும்பங்களை எந்த நாளும் பார்க்கலாம்.

நடைபாதை ஒரு சுற்று. பிரியும் இடத்தில் சின்ன உலகமுடிவு என்ற மலை விளிம்புக்குப் போகும் பக்கத்தையே முதலில் பிடிக்க வேண்டும். அங்கிருந்து பெரிய உலகமுடிவு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. அருவி எந்த நேரத்திலும் அருவிதான், காத்திருக்கும். விளிம்பு காத்திருக்காது. வெயில் ஏற ஏறக் கீழ்ப் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி, 870 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் அந்தச் சுவரோடு ஏறி வரும். மேலே வந்து குளிர்ந்ததும் அப்படியே மூட்டமாகிவிடும். ஒன்பதரை, மிஞ்சினால் பத்து மணி. அதற்குப் பிறகு வருகிறவர் ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

பத்து மணிக்கு முன். இதைத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வருகிறாராம். ஏறுவதற்கு ஊசி உதவும். இறங்குவதற்கு?

பெப்ரவரி 10, திங்கள்

இறங்குவது. எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கு மேல் படி, ஏழு கிலோமீட்டர் அளவு. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், நின்றால் திரும்பி வந்துவிடும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. அது களைத்ததும் பாரம் நேரே முழங்காலில் விழும். படிகளும் ஒரே உயரமல்ல. ஒன்று அரை முழம், அடுத்தது அதில் பாதி. கால் ஒரு அளவுக்குப் பழகும்போது அடுத்த படி அளவை மாற்றிவிடும்.

செய்ய வேண்டியது: நேராக இறங்காமல் படியின் குறுக்கே, பக்கவாட்டில், நெளிந்து நெளிந்து இறங்குவது. நோகிற காலை முதலில் கீழே வைப்பது. ஊன்றுகோல் நோகாத காலின் பக்கக் கையில். சப்பாத்து நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டாவிட்டால் பாதம் முன்னே வழுக்கி விரல் நுனி முழுக்க அடிபடும். முதல் நாளே நகம் வெட்டிக்கொள்ள வேண்டும். தொடை நடுங்கிய பிறகல்ல, நடுங்க முன்பே தேத்தண்ணிக் கடையில் நிற்க வேண்டும், அதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் குந்தியிருக்காமல். அதிகம் இருந்தால் கால் விறைத்துவிடும். வலியின் உச்சம் அன்றல்ல, மறுநாளும் அதற்கு மறுநாளும். அந்த இரண்டு நாளும் வெறுமையாக இருக்கட்டும்.

இன்னொரு வழி: பெரியம்மா ஜப்பானியப் பிக்குகளின் சமாதானத் தூபி வரை மட்டும் வருவது. அதுவரை பாதை ஏறத்தாழச் சமம். வானம் திறந்திருந்தால் முழு மலையும், உச்சி வரை விளக்குச் சரமும் அங்கிருந்தே தெரியும். சீத கங்குல ஓடை தாண்டிய பிறகுதான் மலை தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். இதை அவரிடம் யார் சொல்வது?

பெப்ரவரி 12, புதன்

போயா. ஹட்டன் பஸ் நிலையம் முழுக்க வெள்ளை உடுப்பும் போர்வையும் கைக்குழந்தைகளும்.

பெப்ரவரி 13, வியாழன்

வந்துவிட்டார்கள். வேனிலிருந்து இறங்கும்போது பெரியம்மா கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு இடது காலை முதலில் கீழே வைத்தார், பிறகுதான் வலது. அப்படியென்றால் நோகிறது இடதுதான். கோல் வலக்கையில்.

பெப்ரவரி 14, வெள்ளி

சமவெளி. புல்லில் உறைபனி. நடை 6.30க்குத் தொடங்கியது, பெரியம்மா வாகனத்தரிப்பிடத்தருகே மரை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார். பெரிய உலகமுடிவில் 8.05. கீழே தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக் கூரைகள் வரை தெளிவு. 8.50க்குச் சுவரின் பாதி உயரத்தில் ஒரு நூல் போல மூட்டம் தோன்றியது. அது மேலே வரவில்லை, அங்கேயே தடித்தது. 9.10க்குப் பள்ளம் இல்லை. 9.15க்கு எதிரே நின்றவரின் முகமே மங்கல். அப்போதுதான் ஒரு பெரிய கூட்டம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது, சிறுபிள்ளை ஒன்று "எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பில்லை. மூட்டத்துக்குள் படம் எடுக்கப் பின்னால் நகர்கிறவர்களைக் கண்டால் கத்தத்தான் வேண்டும்.

இருபது நிமிடத்தில் மூடியது. இன்னும் மனதில் ஓடுகிறது.

பெப்ரவரி 15, சனி

21ஆம் திகதி ரயில். நானுஓயாவிலிருந்து எல்ல வரை முன்பதிவு இடம் திறந்ததுமே முடிந்துவிடும். மூன்றாம் வகுப்புச் சீட்டு அன்றே வாங்கலாம், உட்கார இடம் நிச்சயமில்லை. பட்டிப்பொல 1,897 மீட்டர், நாட்டிலேயே உயரமான நிலையம். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது ஒரு வானிலை, வெளியே ஊவாப் பக்கம் வேறொரு வானிலை. இதல்கஸ்ஹின்னையில் பாதையின் இரு புறமும் மலை சரிந்து விழும். கதவில் தொங்கி நிற்கிற பழக்கம் இளையவனுக்கு வேண்டவே வேண்டாம்: கிளைகளும் சுரங்கச் சுவரும் ரயிலுக்கு ஒரு கை தூரத்தில் வரும். எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் கட்டியது, இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும். ரயில் நேரத்தை எல்ல நிலையத்தில் கேட்டுவிட்டே பாலத்துக்கு இறங்க வேண்டும்.

பெரியம்மாவிடம் தூபியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பதில் இல்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

காற்று. இரவு முழுக்கக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டது.

ஆளுக்கு இரண்டு சோடி காலுறை. உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். பனி ஊறிய சீமெந்தில் விடியும்வரை வெறுங்காலோடு நிற்க ஏலாது, நனைந்த காலுறை அதைவிட மோசம். ஒரு உலர்ந்த சட்டை பையில் தனியாக. கடைசிக் கடையில் மாற்றிக்கொண்டு மேலே போக வேண்டும், உச்சியில் அதற்கு இடமிராது. தொப்பி காதை மூட வேண்டும். தண்ணீர் ஒரு லீட்டர் போதும், வழியெல்லாம் கடை. சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். உடனே மேற்குப் பக்கம் போக வேண்டும். நிழல் கூராக இருப்பது தொடக்கத்தில்தான், சூரியன் ஏற ஏற மலையடிக்கே சுருங்கி வந்துவிடும்.

பெப்ரவரி 17, திங்கள்

காலை: உச்சி தெரியவில்லை.

மதியம்: தெரிகிறது. காற்று தணிந்திருக்கிறது.

மாலை 5: நல்லதண்ணி. தூபியோடு நின்றுவிடலாம் என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். "தம்பி, இறங்குற கதைய மேல போய்ப் பேசுவம்" என்றார். அவர் நின்றாலும் நடந்தாலும் கூடவே ஒருவர் இருக்க வேண்டும், மூத்தவன் ஒப்புக்கொண்டான். அவர்கள் இருவரும் 11 மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும், மற்றவர்கள் 2 மணிக்கு.

இரவு 10.20: நிலவு வந்துவிட்டது. கோலின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது, முன் கடையில் ஒன்று வாங்க வேண்டும்.